காப்பார் பள்ளிக்குக் கழிப்பறை கட்டிய கதை

சுபாங் ஜெயாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அங்கே சமூகப் பொறுப்புப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். எங்கே நல்லது செய்யலாம் என்று அறிக்கை எழுதுவது என் வேலை. முடிவெடுப்பது முதலாளியும் ஒய்.பி.யும், அதாவது எங்கள் அடுக்குமாடித் திட்டம் வரவிருந்த தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்.

அந்த ஆண்டு அதே தொகுதியில், காப்பாரில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு உதவுவதாக முடிவானது. பார்க்கப் போனேன். தலைமையாசிரியை என்னை நேராகக் கழிப்பறைக்கு அழைத்துப் போனார். பாதிக்குக் கதவே இல்லை.

"வீட்டுக்குப் போற வரைக்கும் பிள்ளைங்க அடக்கிக்கிட்டே இருக்குதுங்கம்மா," என்றார்.

முதலாளியிடம் சொன்னேன். "ஒய்.பி. பள்ளிக்கூட வாசல்ல வளைவு கேக்கிறாரு. ரோட்டுலேர்ந்து அவரு பேரு தெரியணுமாம். கழிப்பறைய யாரு பார்ப்பா? நம்ம அடுக்குமாடி அப்ரூவல் வேற இன்னும் வரல," என்றார்.

நான் ஒய்.பி.யின் உதவியாளருக்குப் போன் போட்டேன். "அண்ணே, வளைவுக்கு டிராயிங் ரெடி. கழிப்பறைய நாம விட்டுட்டா வேற யாராச்சும் கட்டிக் கொடுத்துடுவாங்களோன்னுதான் யோசிக்கிறேன். பக்கத்துத் தொகுதி ஒய்.பி. போன வாரம் காப்பாருக்கு வந்திருந்தாரு."

"எதுக்கு வந்தாரு?"

"தெரியலண்ணே."

தெரியும். மீன்கறி சாப்பிட வந்திருந்தார்.

அரை மணி நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். "வளைவு வேணாம், கழிப்பறையே கட்டிடலாம். பிள்ளைங்க சுகாதாரம்தான் முக்கியம்னு ஒய்.பி. ஃபீல் பண்றாரு." முகத்தில் எதையும் காட்டாமல் குறித்துக்கொண்டேன்.

திறப்பு விழாவன்று கழிப்பறை வாசலில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். 'ஆண்கள்' என்ற எழுத்துக்கு மேலே ஒய்.பி.யின் பெரிய படம் சிரித்தது. அவர் நாடாவை வெட்டியதும் தலைமையாசிரியை மைக்கில், "ஒய்.பி. அவர்களே முதலில் பயன்படுத்தித் தொடங்கி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்," என்றார். சொன்னவர் முகத்தில் துளி விளையாட்டு இல்லை. இத்தனை கேமராக்களுக்கு முன்னால் மறுக்க முடியுமா? ஒய்.பி. உள்ளே போனார். பெற்றோர் அமைதியாகக் காத்திருந்தார்கள். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டதும் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

கையைத் துடைத்தபடி வெளியே வந்தவர், "தண்ணி நல்லா வருது லா," என்றார்.

அடுத்த மாதம் எங்கள் திட்டத்துக்கு அனுமதி வந்தது. ஆண்டறிக்கையில் கழிப்பறைக்கு ஒரு பக்கம், அடுக்குமாடிக்கு வேறு பக்கம். இரண்டையும் நான்தான் எழுதினேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் புதுக் கதவுகளின் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டேன்.