ஏழு மரங்களில் சிவப்பு வளையம்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழுப்புக் காகித உறை இருக்கிறது. அதன் மேல் டாக்டரம்மாவின் கையெழுத்தில் எங்கள் தோட்டத்தின் பெயர், அதன் கீழே 'ஆற்றோரம், பழைய ரப்பர்' என்ற குறிப்பு. உள்ளே ஒன்றும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். டாக்டரம்மா கோலாலம்பூரில் தாவரவியல் விரிவுரையாளர். மரப்பட்டையில் படரும் லைக்கன்களைத் தேடி வருவார். நாங்கள் வெறும் பாசி என்று தேய்த்துவிட்டுப் போவதை அவர் லென்ஸ் வைத்து மணிக்கணக்கில் பார்ப்பார். பால் வெட்டுகிறவர்கள் அவருக்குப் பாசியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆற்றோரம் ஏழு கிழட்டு மரங்களில் மட்டும் சாம்பல் பூத்த பச்சையில் ஒன்றைக் கண்டார். எந்த நூலிலும் அது இல்லையாம். புது இனம் என்று எழுத வேண்டுமானால் அதில் கரும்புள்ளிகளாக வரும் வித்துக் கிண்ணங்கள் வேண்டும். அவை இன்னும் முதிரவில்லை. "ரெண்டு மாசத்துல வர்றேன். அடையாளம் போடணும், பெயிண்ட் இருக்குங்களா?" என்றார்.

ஸ்டோரில் சிவப்புதான் இருந்தது. கொடுத்தேன். எங்கள் தோட்டத்தில் சிவப்பு வளையம் போட்டால் அது மருந்து வைத்துச் சாகடிக்க வேண்டிய மரம். எனக்கா தெரியாது? அந்தப் பக்கம் ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை நடுவது அடுத்த வருடம்தானே என்ற அலட்சியம். ஆட்களை வேலை வாங்கும் மண்டோரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நிர்வாகம் அந்த வேலையை முன்கூட்டியே தொடங்கிவிட்டது. ஒரு காலையில் ஆற்றோரம் போனேன். காற்றே இல்லை, ஆனாலும் இலைகள் கொட்டிக்கொண்டிருந்தன. ஏழு மரங்களிலும் அடிப்பட்டையைச் சீவி மருந்து பூசியிருந்தது. பக்கத்து மரங்கள் பச்சையாகவே நின்றன.

"செவப்புப் போட்டதுக்குத்தான மொத மருந்து, கெராணி? முடிச்சாச்சுலா," என்றார் மண்டோர். நான் பாராட்டுவேன் என்று நின்றார்.

அன்றே டாக்டரம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம். பயத்தில் நாளைக் கடத்தினேன். அவர் வந்தபோது பட்டை உரிந்து தொங்கியது; லைக்கன் தொட்டதும் உதிர்ந்தது. முன்பு அவர் எடுத்துப்போன துண்டில் முதிர்ந்த கிண்ணங்கள் இல்லை. யார் செய்தது என்று கேட்டார்.

"ஆளுங்க தெரியாம செஞ்சிட்டாங்க, டாக்டரம்மா," என்றேன். மண்டோர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

புறப்படும்போது டாக்டரம்மா இந்த உறையைத் தந்தார். "வேற எங்கயாச்சும் கண்ணுல பட்டா இதுல போட்டு அனுப்புங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

அங்கே இப்போது கண்ணுக்கெட்டியவரை செம்பனை. நான் இன்னும் கிழட்டு மரங்களின் பட்டையைத் தடவிப் பார்க்கிறேன். கிடைத்தால் அதோடு உண்மையையும் எழுதி அனுப்பிவிடலாம் என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மா காலமாகிவிட்டார். உறையில் இனத்தின் பெயருக்காக அவர் போட்ட கோடு வெறுமையாகவே இருக்கிறது.