ஐந்திணைச் செண்டும் செல்லம்மாவின் கையும்

1. இரண்டு வாசல்

அரியலூரில் வாசனைச் செண்டு செய்யும் கம்பெனியில் நான் சேர்ந்த அன்றே முதலாளி சொன்னார்: "நீ முன்பக்கமா வா. அவ கொல்லைப்பக்கமா வருவா. ரெண்டு பேரும் கலந்துக்காதீங்க."

'அவ' என்றது செல்லம்மாவை. சேரியிலிருந்து வேலைக்கு வந்தவள். நான் எட்டாவது படித்த கிறிஸ்தவப் பெண். நாங்கள் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. எங்கள் மாதா கோவிலிலும் சேரி ஆட்களுக்குத் தனி இடம்தான்.

யுத்த காலம். சீமைச் செண்டு வருவது நின்றுபோயிருந்தது. எண்ணெய் வியாபாரியான எங்கள் முதலாளிக்கு ஒரு தமிழ்ப் பண்டிதர் யோசனை சொன்னார். பழந்தமிழ்ப் பாட்டில் வரும் ஐந்து நிலங்களுக்கும் ஒவ்வொரு வாசனை. குறிஞ்சிக்குச் சந்தனமும் அகிலும், முல்லைக்கு அந்தப் பூவே, மருதத்துக்குத் தாமரை, நெய்தலுக்குத் தாழம்பூ. பாலைக்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, "காஞ்ச மண்ணுல முதல் மழை விழுந்தா வருமே, அந்த வாசனை" என்றார்.

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். செய்தது செல்லம்மா. செம்மண்ணை வில்லை வில்லையாகத் தட்டிச் சூளையில் சுட்டு, வாலை என்கிற செம்புப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி எரிப்பாள். ஆவி குழாய் வழியே போய்ச் சந்தன எண்ணெயில் இறங்கும். இறங்கும்வரை அடுப்பை விட்டு நகர முடியாது. அவள் முன்கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. புட்டியில் ரொப்புவதும் அவள்தான். நான் லேபிள் எழுதி ஒட்டுவேன், அவ்வளவுதான்.

2. பெரம்பலூர்

பெரம்பலூரில் ஒரு தமிழ் விழா நடந்தது. பந்தலுக்கு வெளியே எங்கள் கடை. பண்டிதர் மேடையில் பேசினார். பழம்பாட்டுக் காதலர்கள் குலம் கோத்திரம் கேட்டதில்லை என்று அவர் சொன்னபோது நல்ல கைதட்டல். மத்தியானத்துக்குள் சரக்கு தீர்ந்துவிட்டது. இன்னொரு பெட்டி அனுப்பும்படி முதலாளி பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டார். கம்பெனியில் அப்போது செல்லம்மாவைத் தவிர யாரும் இல்லை. அவளே, பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினாள்.

"பாலை இருக்கா?" என்று ஒரு அதிகாரியின் மனைவி கேட்டார். பக்கத்தில் நின்ற செல்லம்மா வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு புட்டியை எடுத்து நீட்டினாள். அந்தம்மாள் மணிக்கட்டில் தடவி முகர்ந்து, "அடடா!" என்றார்.

அப்போதுதான் பாடாலூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவர் அவளை அடையாளம் கண்டார். "ஏய், நீ எங்க களத்துல நெல்லு தூத்துனவதானே? ஒன் கையால செண்டா?" என்று தம் கையிலிருந்த புட்டியைக் கல்லில் எறிந்து உடைத்தார்.

முதலாளி கை கூப்பிக்கொண்டு ஓடிவந்தார். "மன்னிச்சுக்குங்க. இவ பெட்டி தூக்க வந்தவ. ரொப்புனதெல்லாம் நம்ம ஆளுங்க. இவ தொட்ட பெட்டிய இப்பவே ஒடைச்சுப் போட்டுடறேன்."

செல்லம்மா குரலை உயர்த்தவில்லை. "ஏஞ் சாமி, அந்தப் பெட்டிய மட்டும் ஒடைக்கிறீங்க? எல்லாப் புட்டியும் நான் ரொப்புனதுதான். அம்மா கையில இப்ப மணக்குதே, அதுவும் நான் காய்ச்சுனதுதான்."

அந்தம்மாள் முந்தானையால் மணிக்கட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். சத்தம் கேட்டுக் கடைப்பக்கம் வந்து நின்ற பண்டிதரைப் பார்த்தேன். அவர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ரோசலி, நீ சொல்லு. ரொப்புனது நீதானே?"

என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனாலும் எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். "செல்லம்மாக்கா சொன்னதுதான் நெசம். நான் லேபிள் மட்டுந்தான் ஒட்டுவேன்."

"சோறு போட்ட எடத்துக்கே துரோகமா?" என்று முதலாளி கத்தினார்.

"செஞ்ச வேலைக்குக் கூலி குடுத்தீங்க. சோறு எப்பப் போட்டீங்க?" என்றாள் செல்லம்மா.

வாங்கியவர்கள் புட்டிகளைத் திருப்பிக் கொண்டுவந்து குவித்தார்கள். எங்கள் இருவருக்கும் அங்கேயே வேலை போயிற்று.

பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றோம். "நீ ஏம்மா வாயத் தொறந்த? ஒனக்கு வேல நின்னுருக்கும்ல" என்றாள்.

"கோவம்க்கா."

"எனக்குந்தான்" என்றாள்.

3. புது லேபிள்

செல்லம்மா முந்திரி உடைக்கப் போனாள். கொட்டைத் தோட்டிலிருந்து கசியும் எண்ணெயில் அவள் விரல்கள் வெந்து உரிந்தன. எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. படித்திருந்ததால் மட்டும் இல்லை, நான் முன்வாசல் வழியாகப் போக முடிந்ததாலும்தான்.

பிறகொரு நாள் ஜெயங்கொண்டத்தில் ஒரு அத்தர் கடையில் அதே ஐந்து புட்டிகளைப் பார்த்தேன். லேபிளில் புதிதாக ஒரு வரி: 'ஆசாரமுள்ளோர் கரங்களால் தயாரிக்கப்பட்டது.' அதன் கீழே பண்டிதர் பாடிக்கொடுத்த வாழ்த்து.

"இது இப்ப போவுதா பாய்?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"அந்த வரி போட்டப்புறந்தாம்மா நல்லாப் போவுது" என்றார்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கூட்டத்துக்கு நடுவே முதலாளி உங்களைப் பார்த்து, "நீ சொல்லு" என்பார். உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களுக்கு முடியவில்லை. ஆனாலும் சொல்லிவிடுங்கள். அன்று நான் சொல்லாமல் இருந்திருந்தால், அந்த முதலாளிமேல் கோபப்பட எனக்கு இன்று யோக்கியதை இருந்திருக்காது.