புகைபோக்கி வைத்த இணுவில் வீடு

எங்கள் ஊர் இணுவிலில் என் அண்ணையின் புது வீட்டுக் கூரையில் ஒரு புகைபோக்கி நிற்கிறது. அதற்குக் கீழே அடுப்பும் இல்லை, குளிரும் இல்லை. மச்சாள் சமைப்பது பின்பக்கம் தகரம் போட்டு இறக்கிய குசினியில். இம்முறை விடுமுறையில் போய் வாசலில் ஓட்டோவை விட்டு இறங்கியபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு முகப்பை முழுதாகப் பார்த்தேன். வெளியே தள்ளிய மூன்று பக்க யன்னல், கூர்முகடு, கல்லுக் கல்லாகச் சுவர். சிரிப்பு நின்றுவிட்டது. எடின்பரோவில் நான் இருக்கும் வீடு அது.

"இருக்கும்" என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விக்டோரியா மகாராணி காலத்தில் யாரோ ஒரு வியாபாரி கட்டிய கல் வில்லா அது. அரசாங்கத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. இப்போது ஐந்து குடித்தனங்களாகப் பிரித்திருக்கிறார்கள். என் பங்கு நிலத்துக்குக் கீழே, முன்னர் வேலைக்காரர் சமைத்த இரண்டு அறைகள். குப்பைத் தொட்டிகளைத் தாண்டி ஏழு படி இறங்க வேண்டும். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவளுக்கு அதுவே பெரிது. ஆனால் முதல் வருடம் அண்ணைக்கு அனுப்பிய படத்தில் நான் நின்றது முன்வாசல் கற்படியில். "இதுதான் நான் இருக்கிற வீடு" என்று எழுதினேன். பொய் இல்லை. பொய்யைவிடக் கெட்டித்தனமான ஒன்று.

பாதுகாக்கப்பட்ட வீடு என்றால் உள்ளே இருப்பவரையும் பாதுகாக்கும் என்று ஊரில் நினைப்பீர்கள். பாதுகாப்பு கல்லுக்கு மட்டும். என் யன்னல் சட்டம் உக்கி, மேசைமேல் வைத்த கடதாசி பறக்கும். இரட்டைக் கண்ணாடி போட அனுமதி கேட்டேன். ஓர் அதிகாரி வந்தார். மழைக்கோட்டைக் கழற்றாமலே யன்னலை நாய்க்குட்டியைத் தடவுவதுபோலத் தடவினார்.

"இங்கே ட்ராஃப்ட் இருக்கிறது" என்றேன். இடுக்கில் நுழையும் குளிர்காற்றுக்கு ஆங்கிலத்தில் அதுதான் சொல். கட்டட வேலைக்குக் கொடுக்கும் முதல் வரைபடத்துக்கும் அதே சொல்.

"நல்லது, காட்டுங்கள்" என்று கை நீட்டினார்.

நான் அந்தக் கையைப் பிடித்து யன்னல் இடுக்கில் வைத்தேன். மனிதர் திடுக்கிட்டு இழுத்துக்கொண்டார். கண்ணாடியை மாற்றினால் வீட்டின் குணம் கெட்டுவிடும் என்று பிறகு கடிதம் வந்தது. என் முழங்கால் கெடுவது எந்தப் பட்டியலிலும் இல்லை.

"எப்பிடி, உன்ரை வீடு மாதிரியே இருக்கோ?" என்று இணுவில் வாசலில் அண்ணை கேட்டார். அவர் தோட்டக்காரர், வெங்காயம் பயிரிடுபவர். என் படத்தைப் பெருப்பித்து வீடு கட்டிய மேசனிடம் கொடுத்தாராம்.

"ஐயா கட்டின பழைய வீட்டுக் கல்லெல்லாம் எங்கை, அண்ணை?"

"அத்திவாரத்துக்குள்ளை போட்டாச்சு. ஒண்டும் வீணாக்கேல்லை."

எங்கள் தகப்பனார் அதே காணியில் வைத்த உண்மையான சுண்ணாம்புக்கல் மண்ணுக்குள் கிடந்தது. மேலே சீமெந்துப் பூச்சில் கோடு கீறி, சாம்பல் நிறம் அடித்த பொய்க்கல். அந்த மூன்று பக்க யன்னலை மேற்கே பார்த்து வைத்திருந்தார்கள். அது என் அறையாம். பின்னேரம் மூன்று மணிக்கு அதற்குள் அப்பம் சுடலாம். மூன்று நாளாக ஒவ்வொரு சுவராகப் பார்த்து மனதுக்குள் நக்கலடித்துக்கொண்டு திரிந்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் அண்ணை அயலாரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். பக்கத்து வீட்டு மாஸ்ரர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்: "அவ்வளவு பெரிய வீட்டை நீர் தனிய எப்பிடிப் பிள்ளை கூட்டித் துடைக்கிறனீர்?"

"எனக்கு இரண்டு அறைதான், மாஸ்ரர். அதுவும் நிலத்துக்குக் கீழை. மேலை வேறை ஆக்கள் இருக்கினம்."

அண்ணை பெரிதாகச் சிரித்தார். "பகிடி விடுறாள். சின்னனிலையிருந்தே உப்பிடித்தான்."

எல்லோரும் போன பிறகு அவர் கைகூடக் கழுவாமல் அதே கதிரையில் இருந்தார். வாழையிலையில் எச்சில் காய்ந்துகொண்டிருந்தது.

"உண்மையோ?"

"ஓம்."

"கீழறைக்கு வெய்யில் வருமோ?"

"ஆனி மாசத்திலை கொஞ்ச நேரம்."

விரலில் காய்ந்த சோற்றை உரசி உதிர்த்தார். "நீ சொல்லியிருந்தா நான் ஐயாவின்ரை வீட்டை இடிச்சிருக்க மாட்டன், பிள்ளை. அங்கத்தை மாதிரி இருந்தா நீ ஒருநாள் திரும்பி வருவாய் எண்டுதான்..." என்றவர் எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

கோடு கீறிய மேசனையும் யன்னலைத் தடவிய அதிகாரியையும் அவ்வளவு நக்கலடித்தேன். மேசனுக்கு வரைபடம் கொடுத்தது நான். ஐயாவின் கல்லை மண்ணுக்குள் தள்ளியதும் நான்தான். அவருக்குப் பின்னால் கிணற்றடிக்குப் போய், "பிழை என்னிலைதான், அண்ணை" என்றேன். அவர் வாளியில் மிஞ்சிய தண்ணீரை என் கையில் ஊற்றினார். அவ்வளவுதான்.

நான் எடின்பரோவுக்குத் திரும்பி வந்து சில மாதங்களுக்குப் பிறகு அழைப்பு எடுத்தார். "உன்ரை அறையிலை வெங்காயம் காயக் கட்டித் தூக்கட்டோ? சும்மா பூட்டிக் கிடக்குது" என்றார். தூக்குங்கோ என்றேன். போன கிழமை படம் அனுப்பியிருந்தார். மூன்று பக்க யன்னலை மறைத்து வரிசை வரிசையாகச் சிவப்பு வெங்காயப் பிடிகள், தோல் சரசரக்கும்படி காய்ந்து தொங்கின. குளிருக்குக் கோட்டுப் போட்டபடி கீழறைக் கட்டிலில் இருந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு முன்னால் கதிரையில் விரித்திருந்த வேலைச்சட்டை, துவைத்து மூன்றாம் நாளும் ஈரமாகவே கிடந்தது.