மூளைப் பவளத்தில் வெள்ளைத் திட்டு

அந்தச் சனிக்கிழமை காலை கடலிலிருந்து நேரே சலவை அறைக்குள் வந்ததும் ருட்செலா கைபேசியை என்னிடம் நீட்டினாள். "இதைப் பாருடி."

கடலுக்கடியில், மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு மூளைப் பவளம். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்திருந்தது.

"யாரோ சுரண்டின மாதிரி இருக்கு," என்றேன்.

"யாரும் சுரண்டல. அந்த இடம் செத்துப்போச்சு."

ருட்செலா வின்க்லாரும் நானும் கரீபியன் கடலின் பொனேர் தீவில் ஒரு ஓட்டலின் படுக்கை விரிப்புகளை வெளுப்பவர்கள். ஆறு வருடத்துக்கு முன் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் எங்கள் சர்ச்சுக்கு வந்து, பவளங்களைப் படமெடுத்து அனுப்ப ஆள் கேட்டார்கள். நான்கு பேர் கை தூக்கினோம். என்னையும் சேர்த்து மூன்று பேர் சீக்கிரமே விட்டுவிட்டோம். அவள் விடவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை, வீட்டெதிரே கடலில் மூச்சடக்கி மூழ்கி, அதே பதினான்கு பவளங்களைப் படமெடுத்து, ஆழமும் இடமும் எழுதி அனுப்புவாள்.

படத்தோடு ஒரு படிவமும் உண்டு. கடைசி பத்து நாளில் வேறெங்கே கடலில் இறங்கினீர்கள், முகமூடியையும் துடுப்புக் காலணியையும் கழுவினீர்களா என்று அதில் கேட்பார்கள். அதற்கு முந்தின ஞாயிறு தங்கை குடும்பத்தோடு தெற்கே உப்பளத்துப் பக்கம் போனவள், அங்கேயும் நீந்தியிருந்தாள். அங்கே பவள நோய் வந்துவிட்டது; நனைந்த சாமான்களில் ஒட்டிக்கொண்டும் பரவும் என்பார்கள். கரையேறியதும் அவற்றை பிளீச் தண்ணீரில் முக்கச் சொல்லிப் பலகையே வைத்திருக்கிறார்கள்.

"நாள் பூரா பிளீச்சுலதான் கை கிடக்கு. அன்னைக்கு ஒரு முக்கு முக்கணும்னு தோணல பாரு. நான்தான் கொண்டு வந்து ஒட்ட வச்சிட்டேன்."

அவள் கணவன் இக்மர், முத்துக்குளிப்பவர்கள் மாதிரி மூழ்கிப் பார்க்க வரும் பயணிகளை அந்த இடத்துக்கே படகில் கூட்டிப்போகிறவன். விஷயம் தெரிந்ததும் கோபத்தில் குதித்தான்.

"அனுப்பாதே. இடத்தை மூடிடுவாங்க. அப்படியே அனுப்பித் தொலைச்சாலும், தெற்கே போனதை எதுக்கு எழுதணும்? உன்னை யாரு பார்த்தா?"

"எழுதலன்னா, நோய் எப்படி வந்துச்சுன்னு அவங்க தப்பான பக்கம் தேடுவாங்களே."

"ஊரே உன்னைக் காறித் துப்பும். அப்ப தெரியும்."

இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஈரத் தலையணை உறைகளை மடித்து அடுக்கினாள். நான் திரும்ப எடுத்து உலர்த்தினேன். திங்கட்கிழமை மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து, 'கழுவவில்லை' என்று தட்டி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

"போயிருச்சு."

புதன்கிழமை அங்கே மஞ்சள் மிதவை போட்டு இடத்தை மூடினார்கள். இக்மர் சாப்பாட்டுக்கு அம்மா வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். நிலையத்திலிருந்து ஒரு வார்த்தை இல்லை. கைபேசி சிணுங்கும்போதெல்லாம் அவள் முகம் வெளிறும்.

வெள்ளிக்கிழமை, நிலையத்து அன்னலோட் ஈரத் தலையோடு நேரே சலவை அறைக்கே வந்துவிட்டாள். ருட்செலா கையிலிருந்த விரிப்பைக் கீழே வைக்கவில்லை.

"என்னாலதானே?"

"இல்லக்கா. இது போன மாசம் நீங்க அனுப்பின படம். கீழ் ஓரத்தைப் பாருங்க." நகம் அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. "நீங்க தெற்கே போறதுக்கு முன்னாடியே வந்திருக்கு. கழுவலன்னு எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சுட்டுத்தான் பழைய படத்தையெல்லாம் தோண்டினேன்."

ருட்செலா துணிக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப ஒரு மாசமா என் கண்ணு முன்னாடியே இருந்திருக்கு," என்றாள்.

"அந்தப் படத்தை அப்பவே நானும் பார்த்தேன்க்கா. எனக்கும் தெரியல."

பவளத்துக்கு மருந்துப் பசை பூசினார்கள். பாதி செத்தது, பாதி நிற்கிறது. வீட்டில் பேச்சு திரும்ப மூன்று வாரமானது. போன செவ்வாய் இக்மர் படகிலிருந்தே கூப்பிட்டான். அவள் கைபேசி ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது.

"வடக்கே ஒரு பவளம் வெளுத்திருக்கு. நோயான்னு எனக்குச் சொல்லத் தெரியல, நீ வந்து பாரேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "நீ போ, இங்க வேலையை நான் பார்த்துக்கிறேன்," என்றேன். கையைக்கூடத் துடைக்காமல் ஓடினாள்.