பின்கம்பி

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில், ஒரு ரேடியோ அன்டெனாவைக் கம்பத்தில் ஏற்றினோம். அதைப் பூட்டிச் சரிசெய்தது நான். நோர்வூட் பக்கம் வீடுவீடாக டிவி அன்டெனா பூட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் எனக்குப் பேச வராது. கூரைமேல் நிற்கிறவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

போன மழைக்கு மண் சரிந்து ரோட்டை மூடியது. கரண்ட் இல்லை, போன் கோபுரங்களும் செத்துப்போயின. நெஞ்சுவலி வந்த ஒருவரைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாதி வழியிலேயே முடிந்துபோனார். அதற்கப்புறம்தான் தோட்டத்து அனர்த்தக் குழு அனுமதி வாங்கி ரேடியோ செட்டுகள் எடுத்தது. பெரிய செட் மேற்கணக்கில், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில். இன்னொன்று டிக்கோயா டவுனில், ஆம்புலன்ஸ் வேன் ஓட்டுகிறவரிடம். கையில் பிடிக்கிற சின்ன செட் ஒன்று தோட்டத்தின் கீழ்ப்பிரிவான பணியக்கணக்கில். அங்கே வரிசைவீடுகளான லயங்கள் சரிவுக்கு அடியில் இருக்கின்றன. மேட்டில் வெடிப்பு கண்டால் மேலிருந்து அந்தச் சின்ன செட்டுக்குச் சொல்ல வேண்டும். அதை வைத்திருப்பவள் என் அக்கா.

அன்டெனா ஒரு திசைக்கு மட்டும் பேசுகிற வகை. நடுத்தண்டில் குறுக்காக மூன்று கம்பிகள். முன்கம்பி பார்க்கிற பக்கம் சத்தம் தூரம் போகும். பின்கம்பி, பின்னால் கசிகிற சத்தத்தைத் தடுத்து முன்னுக்குத் தள்ளும். கேட்பதும் அப்படித்தான். எங்கள் களத்தில் நின்று பார்த்தால் டிக்கோயா ஒரு பக்கம், பணியக்கணக்கு நேர் எதிர்ப்பக்கம். முகம் டவுனுக்கு என்றால் முதுகு அக்காவுக்கு.

குழுவின் கூட்டத்தில் இதை நான் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பேசி முடித்ததும் கலைந்து போய்விட்டார்கள்.

கம்பத்தில் ஏற்றிவிட்டால் பிறகு கை எட்டாது. அதனால் அன்டெனாவை இரண்டு மூங்கில் கவைகளில் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிவைத்துக்கொண்டேன். தகரக் கூரைக்கும் கம்பிவேலிக்கும் தள்ளி, களத்தின் நடுவில். தகரம் கிட்ட இருந்தால் மீட்டர் பொய் சொல்லும். முதலில் நடுக்கம்பி. பிடியைக் கொஞ்சம் நகர்த்தி, தள்ளி நின்று, செட்டின் பொத்தானை அழுத்தச் சொல்லி மீட்டர் முள்ளைப் பார்ப்பது. முள் கீழே படுத்துக்கொண்டதும் அந்த வேலை முடிந்தது. பிறகு பின்கம்பி. அதன் இரண்டு நுனிகளையும் வெளியே இழுக்கலாம், உள்ளே தள்ளலாம். அதற்கு மீட்டர் உதவாது. காதால்தான் அளவு பிடிக்க வேண்டும். டிக்கோயாக்காரரை ஒரு தரம் பேசவிட்டு, அக்காவை ஒரு தரம் பேசவிட்டு இழுத்துக்கொண்டே போனேன்.

நுனிகள் நீள நீள டிக்கோயாக்காரர் கிட்ட வந்தார். அக்கா தேய்ந்தாள்.

"தம்பி, கேக்குதாடா? வாயத் தொறந்து பேசு. பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்பிடித்தான் முழிச்சுக்கிட்டு நின்ன."

பெரிய செட்டின் மைக்கைக் கையில் வைத்திருந்த, தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா சிரித்துவிட்டார். களத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் அடுத்துச் சொன்னது பாதியில் உடைந்து இரைச்சலானது.

நான் நுனிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். அக்கா திரும்பி வந்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அவள் இருமுவதுகூடக் கேட்டது. டிக்கோயாக்காரர்தான் மங்கிப்போனார்.

"ஹரி நே மல்லி, சத்தம் கொறவு. ரெண்டு தரம் சொன்னாத்தான் வெளங்குது." சரியில்லை தம்பி என்று சிங்களம் கலந்து சொன்னார் அவர்.

"என்னப்பா, இவ்வளவுதானா?" என்றார் கண்டாக்கையா.

"ஏத்தினா சரியாயிருங்க" என்றேன்.

உயரத்தில் கொஞ்சம் கூடும்தான். மழை பிடித்தால் அது போதாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் திருகுகளை இறுக்கினேன்.

எங்கள் தோட்டத்தில் எந்தக் கம்பத்தையும் வெறுமனே நிமிர்த்த மாட்டார்கள். படுத்திருக்கும்போதே எல்லா லயத்தாரும் வந்து ஒரு கை தொட வேண்டும். மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பார்கள். வேதக்காரர்கள் சிலுவை போட்டுக்கொண்டு தொடுவார்கள். கம்பிகளில் மட்டும் மஞ்சள் படக் கூடாது என்று சொல்லிவைத்தேன்.

பணியக்கணக்கு ஆட்களும் ஏறி வந்தார்கள். அக்கா மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு முன்னால் வந்தாள்.

"நம்ம வாசல் இஸ்தோப்புல நின்னா அடுத்த காம்பராவுல பேசுற மாதிரி கேக்குது. யாரு பூட்டுனது? என் தம்பில்ல!" என்று மூச்சிரைக்க எல்லோரிடமும் சொன்னாள்.

அவளுக்குப் பின்னால், போன மழையில் நாங்கள் கம்பளியில் தூக்கிப்போனவரின் மனைவி நின்றாள். அவளும் குனிந்து கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "ரொம்பப் புண்ணியமுங்க அண்ணே" என்றாள்.

கயிறு பிடிக்கிறவர்கள் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அக்காவின் காதோரம் போய்ச் சொன்னேன்.

"அக்கா, ஒனக்குக் கேக்கணும்னு டவுனுப் பக்கத்தக் கொறச்சுட்டேன்."

அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"ஐயா, கயித்த இழுக்காதீங்க. இவன் வேலைய முடிக்கலயாம்" என்று சத்தமாகச் சொன்னாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "மண்ணு வந்தா எனக்குக் காலு இருக்கு, ஓடிருவேன். வண்டி வரலைன்னா இந்தப் புள்ள மூஞ்சியில நீ எப்பிடிடா முழிப்ப?" என்றாள்.

ராகுகாலம் வந்துவிடும் என்று கண்டாக்கையா முணுமுணுத்தார். அக்கா அதைக் காதில் வாங்காமல் சின்ன செட்டை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினாள். அவள் தன் இஸ்தோப்புக்குப் போய்ச் சேரும்வரை நான் திருகுகளைத் தளர்த்திக்கொண்டு நின்றேன்.

"வந்துட்டேன். நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீ இழு."

இழுத்தேன். டிக்கோயாக்காரர், "ஆ, தென் ஹரி மல்லி, இப்ப நல்லாருக்கு" என்றார். அக்கா அடுப்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "தம்பி" என்றது கேட்டது. பிறகு இரைச்சலுக்குள் ஒரு குரல் மேலே வந்து அமிழ்ந்தது. இன்னும் ஒரு நகக்கண் அளவு இழுத்தேன். அதுவும் போய்விட்டது. அதுதான் சரியான அளவு. இறுக்கினேன்.

கம்பம் நிமிர்ந்த பிறகு அவள் ஏறி வந்தாள்.

"பேசுனதெல்லாம் கேட்டுச்சா?"

"இல்லக்கா."

"அப்ப சரியாத்தான் பூட்டியிருக்க" என்றாள். என்ன பேசினாள் என்று நானும் கேட்கவில்லை.

பணியக்கணக்குக்கு யாராவது ஓடிப்போய்த்தான் சொல்ல வேண்டும் என்று அன்றே குழுவில் முடிவானது. யார் போவது என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். என்னைவிட இளவட்டங்கள் இருக்கிறார்களே என்றார்கள். கையை இறக்கவில்லை.

இந்த மழைக்கு இதுவரை சில தடவை இறங்கிவிட்டேன். வெடிப்பு கொஞ்சம் அகன்றாலும், சும்மா சந்தேகம் வந்தாலும், குறுக்குப் பாதையில் ஓடுகிறேன். பாதை லயத்தின் இந்த முனையில் போய் முட்டுகிறது. அக்காவின் காம்பரா மறுமுனையில், தொங்கலில். ஓடும்போது, வரிசையாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் ஓடுகிறேன். ஆனால் கால் நிற்பது அவள் கதவில்தான்.

அவள் கதவைத் திறந்ததும் எனக்குப் பின்னால் லயத்தைப் பார்க்கிறாள். மற்றக் கதவுகள் எல்லாம் மூடியிருக்கின்றன.

"வழியில ஒரு கதவயும் தட்டலயாடா?" என்கிறாள்.

நான் திரும்பி, விட்டுவந்த கதவுகளைத் தட்டிக்கொண்டே ஓடுகிறேன்.