அடிக்கு முன் ஒரு முனகல்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். தொலைபேசி அறிவிப்பு, கடை விளம்பரம், பாடப் பதிவு என்று எது வந்தாலும் அதிலுள்ள மூச்சையும் இருமலையும் வெட்டி எறிவது அவர் வேலை. பெரிய கலைஞர் என்று சொல்ல மாட்டேன். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம்.

அந்தக் கூடத்தில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. ஃபில்டர் போட்டு இரைச்சலைக் கூர்மையாக வெட்டினால், வெட்டிய இடம் தட்டிய பாத்திரம்போலச் சற்று அதிரும். சிலவகை ஃபில்டர்களில் அந்த அதிர்வு ஒலிக்குப் பின்னால் மட்டுமல்ல, முன்னாலும் கசியும். மணியடிப்பது என்பார்கள். அது ஒரு பொருட்டா, இல்லையா என்பதுதான் சண்டை.

"மணியடிக்குதுய்யா," என்பார் பக்கத்து மேசைக்காரர்.

"போய்க் கதவத் திற. உன் மாமனார் வந்திருப்பாரு," என்பார் கத்தரி.

ஒருமுறை எல்லாரையும் உட்காரவைத்து, எதில் ஃபில்டர் இருக்கிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். ஒருவராலும் பிரிக்க முடியவில்லை. அவர் வெட்டியிருந்தது காதுக்கு எட்டாத உச்சச் சுருதியில். அங்கே அவர் சொன்னது சரி. ஓரிடத்தில் சரியாக இருப்பதை எல்லா இடத்துக்கும் இழுத்துப் போர்த்துவது நம் எல்லாருக்கும் உள்ள சோம்பல்தான். மணியடிப்பது எங்கேயும் ஒரு பொருட்டே இல்லை என்பது அன்றிலிருந்து அவருக்குக் கொள்கையாகிவிட்டது.

அவருடைய தங்கையைக் கணவன் அடித்துக்கொண்டிருந்தான். வழக்கு நடந்தது. மகள் யாரிடம் வளர்வது என்பது கேள்வி. கண்ணால் பார்த்த சாட்சி இல்லை. சமையலறையில் கைபேசியை ஒளித்துவைத்து அவள் எடுத்த ஒரே பதிவுதான் இருந்தது. கைபேசியைப் பிறகு அவன் சுவரில் அடித்து நொறுக்கிவிட்டான். தப்பிய மெமரி கார்டை அவள் அண்ணனிடம் கொண்டுவந்தாள்.

"இப்படியே குடுத்துடலாமாண்ணா?"

"ஃபேன் இரையுறதுல பாதி கேக்கவே இல்லையேம்மா. குடு, கண்ணாடி மாதிரி ஆக்கித் தரேன்."

ஆக்கினார். ஃபேனின் உறுமல், குரலின் அடிப்பகுதியோடு ஒட்டிக் கிடந்தது. ஒரே வெட்டு, இம்முறை காதுக்கு நன்றாக எட்டும் கீழ்ச் சுருதியில். கூடத்துப் பழக்கப்படி அதே பெயரில், பழையதன் மேலேயே சேமித்தார். இரண்டு பிரதி கிடந்தால் யாராவது தவறானதை அனுப்பிவிடுவார்கள் என்பதால் அங்கே அப்படி ஒரு விதி.

நீதிமன்றத்துக்கு எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல ஒலிபெருக்கியோடு வந்திருந்தார். பதிவை ஓடவிட்டார். அதில் பளீரென்று ஓர் அறை விழுந்தது. அதற்கு இமைப்பொழுது முன்னால், மெல்லிதாக ஒரு "ம்". அடுத்த அறைக்கு முன்னாலும் அதே "ம்".

"அடி விழறதுக்கு முன்னாடியே இந்தம்மா முனகுறாங்களே. ஒத்திகை பாத்தாங்களா?"

யாரோ சிரித்தார்கள். கத்தரி எழுந்து நின்றார்.

"அது என் தங்கச்சி குரல் இல்லீங்க. ஃபில்டர் மணியடிக்குது."

"சரி, நீங்களே சொல்லுங்க. இதுல எது உங்க ஃபில்டர், எது உங்க தங்கச்சி?"

மூலப்பதிவு எங்கே என்றார் நீதிபதி. இல்லை என்றார் கத்தரி. பதிவை ஏற்க முடியாது, மறு உத்தரவு வரை மகள் தகப்பனிடமே இருக்கட்டும் என்றார் நீதிபதி. அவரைக் குறை சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. காதில் விழுந்ததைத்தான் அவர் கேட்டார்.

வெளியே படிக்கட்டில் தங்கை நின்றிருந்தாள்.

"நான் முனகவே இல்லண்ணா. பாப்பா பக்கத்து ரூம்ல இருந்தா. அவளுக்குக் கேக்கக் கூடாதுன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னேன்."

"மேல்முறையீடு போடலாம்மா. நானே வந்து தெளிவா எடுத்துச் சொல்றேன்..."

"வேணாம். நீ கை வெச்சா இன்னும் சுத்தமாயிடும்."

மகளைப் பார்க்க வேண்டுமானால் இனி கணவனின் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்தப் பக்கம் போகும் பேருந்து வந்தது. அண்ணனைத் திரும்பிப் பார்க்காமல் அவள் ஏறிக்கொண்டாள்.