துடைக்காத மூலை

எனக்கு அப்போது எட்டு வயது. மலையில் சறுக்கி விழுந்து முழங்கால் போன பிறகு அம்மாவுக்குத் தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவில் வேலை கொடுத்திருந்தார்கள். அது அப்புத்தளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். இந்த வேலை போனால் திரும்பவும் கொழுந்துக்கூடைதான். அது அம்மாவால் முடியாது.

பங்களாவில் குளிர்காயும் அடுப்புக்கு மேலே ஒரு பெரிய படம். வெள்ளைக்காரன் காலத்தது. மலை, மூடுபனி, சிவப்புச் சட்டை போட்ட பட்டாளம் வரிசையாக நிற்கும். குதிரைமேல் ஒருவர். நான் அதைப் பெரட்டு என்றுதான் நினைத்தேன். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது அப்படித்தான் இருக்கும். ஆனால் அவர்கள் முகத்தில் இருந்தது கோபமா, களைப்பா, எனக்குப் பிடிபடவில்லை.

படத்துக்குக் கீழே துரையின் மகன் போட்டோ. அவரும் பட்டாளம்தான். வடக்கே சண்டையில் இருந்தார்.

படத்தின் கீழ் மூலை மட்டும் புகை படிந்து கறுப்பு. அதன் நடுவில் யாரோ விரலால் துடைத்துப் பார்த்த மாதிரி கொஞ்சம் இடம். அதில் ஒரு சப்பாத்துக் கால் தெரிந்தது. பங்களாவையே பளபளவென்று வைக்கிற அம்மா இதை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு லீவு நாள் ஸ்டூலில் ஏறி ஈரத்துணியால் துடைத்தேன். கறுப்புக்கு உள்ளேயிருந்து ஆறு பட்டாளத்துக்காரர்கள் வந்தார்கள். புல்லில் படுத்திருந்தார்கள்.

அம்மா பார்த்துவிட்டு என் கையிலிருந்த துணியைப் பிடுங்கினாள்.

“ஒன்ன யாருடி தொடைக்கச் சொன்னா?”

அடிக்கவில்லை. அதற்குள் துரை வந்துவிட்டார். புள்ள தெரியாமல் செய்துவிட்டது என்று அம்மா கையைப் பிசைந்தாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. படத்தையும் கீழேயிருந்த மகன் போட்டோவையும் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

“இவங்க என்ன செய்றது?”

“தேத்தண்ணி நேரங்க. படுத்திருக்காங்க.”

“பொறகு?”

“மணி அடிச்சா எந்திரிப்பாங்க.”

துரை உள்ளே போய்விட்டார். அம்மாவின் வேலை போகவில்லை. ஆனால் அதன்பிறகு லீவு நாட்களில் என்னைக் கூப்பிட்டு அதையே கேட்பார். நானும் அதையே சொல்வேன். இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற மனிதருக்கு இது எப்படி மறந்துபோகிறது என்று அம்மாவிடம் கேட்டேன்.

“கேட்டா அதையே சொல்லு. வேற ஒன்னும் சொல்லாத.”

சொன்னேன். அந்த வீட்டில் துடைக்கிற ஆள் அம்மா ஒருத்திதான். சப்பாத்து தெரிந்ததும் நின்றுபோன விரலும் அவளுடையதுதான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.